திட்டம் எல்லாம் இருக்கிறது, பணம் மட்டும் பின்னால் வரும்

என் தம்பி ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். 2024 மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து, அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்து, வங்கியில் லோன் கையெழுத்தாகும் வரைக்கும் அலைந்தது நான்தான். அப்பா பல்லடம் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். அம்மா வீட்டிலிருந்தே பனியனுக்குப் பிசிறு வெட்டித் தருகிறார். நான் ப்ளஸ் டூ முடித்த வருடத்திலிருந்து திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். எங்கள் சொந்தத்திலும் சரி, நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டிலும் சரி, காலேஜ் வாசலுக்குள் போய்ப் படித்த ஆள் கிடையாது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்கக்கூட ஒருவரும் இல்லை. இதையெல்லாம் அப்போது யாராவது எழுதி வைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் பணமும் நிறைய அழுகையும் மிச்சமாகியிருக்கும்.

முதலில் வீட்டுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது. எங்களுக்குப் பணம் சனிக்கிழமைதான் வரும். தறிக்குப் பாவு நூல் தடையில்லாமல் வந்து, எனக்கும் ஒன்றரை ஷிப்ட் கிடைத்தால், மூன்று பேரும் சேர்ந்து வாரத்துக்கு 6,500 ரூபாய். ஆர்டர் இல்லாத வாரத்தில் அதில் பாதி. வாடகை, மளிகை, அம்மாவின் குழு லோன் கட்டு என்று அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அது தீர்ந்துவிடும். பெரிய கடன்காரர்களும் இல்லை, பட்டினியும் இல்லை. ஆனால் எந்த ஒரு நாளிலும் எங்கள் கையில் மொத்தமாக இருபதாயிரம் இருந்ததில்லை. கல்லூரியோ மொத்தமாகத்தான் கேட்கும். தமிழ்நாட்டில் ஏழைப் பிள்ளை படிக்கத் திட்டமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, நிறையவே இருக்கிறது. ஆனால் அதில் பலதும் நாம் முதலில் கட்டிவிட்டு, கட்டிய ரசீதைக் காட்டி, பிறகு காத்திருக்கும் மாதிரி அமைந்திருக்கிறது. அந்த 'முதலில்' என்கிற இடத்தில்தான் எங்களைப் போன்ற வீடுகள் மாட்டிக்கொள்கின்றன.

ரிசல்ட் வந்ததும் எங்கள் முதல் நம்பிக்கை 7.5 சதவீதம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லும் பொறியியல் போன்ற படிப்புகளில் 2021-லும் கொண்டுவந்த உள் ஒதுக்கீடு. பொறியியலில் அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், ஹாஸ்டல், கவுன்சலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டிவிடும். தம்பி படித்த பள்ளியில் ஃபீஸ் கிடையாது, மதியம் சத்துணவு, அரசுப் புத்தகம், அரசு பஸ் பாஸ். அது அரசுப் பள்ளி இல்லை என்று எங்களுக்கு எப்படித் தோன்றும்? கவுன்சலிங் உதவி மையத்தில் இருந்த மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இது எய்டட் ஸ்கூலும்மா. கவர்ன்மென்ட் ஸ்கூல் கோட்டாவுல வராது" என்றார். நான் புரியாமல், "இல்லீங் மேடம், ஃபீஸே கட்டலீங்" என்றேன். அவருக்குப் பின்னால் வரிசை நீளமாக நின்றது. "ஃபீஸ் கட்டலைன்னா எய்டட்ல இல்லைன்னு ஆயிடுமா?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர்மேல் தப்பில்லை. தம்பி ஒன்றும் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டு வந்த பிறகு, "ஆறாவதுலயே தெரிஞ்சிருந்தா அந்தப் பக்கத்து ஸ்கூலுக்கே போயிருப்பேன்லக்கா" என்றான். அந்தப் பக்கத்து ஸ்கூல் மாநகராட்சிப் பள்ளி. எங்கள் வீட்டிலிருந்து எய்டட் பள்ளியை விடக் கிட்டத்தில் இருக்கிறது.

இதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இன்றைக்கும் தெரியாமல் இருப்பவர்கள் ஏராளம். மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஒன்றியம், ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு, வனத்துறை, இந்தப் பள்ளிகள் எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். அரசு உதவி பெறும் பள்ளி வராது, ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுத்தாலும் வராது. நடுவில் ஒரு வருடம் மாறியிருந்தாலும் சிக்கல். ஆக, பதினெட்டு வயதில் கிடைக்கப்போகும் ஒரு இடத்தை, பதினோரு வயதில் பிள்ளையை எந்த கேட்டுக்குள் விடுகிறோம் என்பது முடிவு செய்துவிடுகிறது. அந்த வயதில் நாம் பார்ப்பது எல்லாம் பள்ளிக்கூடம் கிட்டத்தில் இருக்கிறதா, வாத்தியார் அடிப்பாரா என்பதைத்தான். உங்கள் பிள்ளை ஐந்தாவது முடிக்கப் போகிறான் என்றால் பள்ளிப் பெயர்ப் பலகையில் 'அரசு நிதி உதவி' என்று இருக்கிறதா என்று ஒருமுறை நின்று படித்துவிடுங்கள்.

அடுத்த வழி முதல் பட்டதாரி சான்றிதழ். குடும்பத்தில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருமே பட்டம் வாங்கவில்லை என்றால், கவுன்சலிங் மூலம் தனியார் பொறியியல் கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு கல்விக் கட்டணத்தில் வருடத்துக்கு 25,000 ரூபாய் அளவுக்குச் சலுகை. வீட்டில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். எங்கள் வீட்டுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கும் என்று நினைத்து இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். அங்கேதான் என்னையே நான் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. 2021-ல் நான் தொலைநிலைக் கல்வியில் பி.காம். சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. இருக்கும். முதல் வருடத்தில் பாதிப் பேப்பர் எழுதினேன், இரண்டாம் வருடக் கட்டணம் கட்ட முடியாமல் விட்டுவிட்டேன். விண்ணப்பத்தில் வைக்க வேண்டிய கூட்டு உறுதிமொழியில் குடும்பத்தில் ஒவ்வொருவர் படிப்பையும் எழுத வேண்டும், நான் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். விசாரணையில் வி.ஏ.ஓ., "நீங்க டிகிரி சேர்ந்திருக்கீங்களேம்மா, முடிக்கலைன்னு நான் எப்படி எழுதறது?" என்றார். விண்ணப்பம் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு, நான் பட்டம் முடிக்கவில்லை என்பதற்குச் சான்று தேடி அலைந்தேன். பல்கலைக்கழகத்தின் கல்வி மையத்தில் போய், நான் பட்டம் பெறவில்லை, இடையில் நின்றுவிட்டேன் என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர். "அரியர் கட்டி எழுதலாம்மா, டைம் இருக்கு" என்று எனக்குப் புத்தி சொன்னார். நான் இப்போது எழுதி முடித்துவிட்டால் தம்பியின் சலுகை போய்விடும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உயர்கல்விக்குப் போவதில் தமிழ்நாடு 47 சதவீதம், இந்தியா 28.4 சதவீதம் என்று 2021-22 கணக்கைப் பெருமையாகச் சொல்வார்கள். தொலைநிலையில் படிப்பவர்களும் அதில் சேர்த்திதான். பி.காம். கட்டிய அந்த வருடம் நானும் அந்த 47-க்குள் இருந்திருப்பேன். அன்றைக்குக் கையில் வாங்கிய கடிதம், நான் அதிலிருந்து வெளியே வந்ததற்கான அத்தாட்சி. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை, இதைப் படித்தால்தான் தம்பிக்கே தெரியும்.

அந்தக் கடிதத்தை வைத்துத்தான் தம்பிக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் கிடைத்தது. சான்றிதழ் விஷயத்தில் நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும், வருமானச் சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அதனால் வருமானச் சான்றிதழை ஏப்ரல் கடைசியில் விண்ணப்பியுங்கள். மே முதல் வாரத்தில் ரிசல்ட் வந்துவிட்டால் ஊரே இ-சேவை வாசலில் நிற்கும், சர்வரும் அன்றைக்குத்தான் படுத்துக்கொள்ளும். முதல் பட்டதாரிக்கு வீட்டில் எல்லாருடைய டி.சி.யும் கேட்பார்கள். அப்பா நான்காவது வரை படித்த பள்ளி இப்போது இல்லை என்றால் அதற்கு என்ன ஆவணம் வேண்டும் என்று வி.ஏ.ஓ.விடம் முன்பே கேட்டு வையுங்கள். பிள்ளையின் மார்க் ஷீட், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றிலும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ப்ளஸ் ஒன்னிலேயே பாருங்கள். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று மூன்று மேசை தாண்ட வேண்டும். எந்த மேசையில் நிற்கிறது என்று விண்ணப்ப எண்ணைப் போட்டால் ஆன்லைனில் தெரியும். அதைப் பார்த்துவிட்டுப் போனால் சும்மா போய்த் திரும்ப வேண்டாம். எனக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு, சில வாரங்களில் பாதிச் சம்பளம்தான் கையில் வந்தது.

இந்த அலைச்சலுக்கு நடுவில்தான் அந்த ஆள் வந்தார். மாமாவுக்குத் தெரிந்தவர், சட்டைப்பையில் கல்லூரி நோட்டீஸ். "கவுன்சலிங் எல்லாம் எதுக்குங்க, ஸ்காலர்ஷிப்லயே ஃப்ரீ சீட் வாங்கித் தர்றேன். அட்வான்ஸ் அஞ்சாயிரம் மட்டும் குடுங்க, சீட்டைப் புடிச்சு வெச்சிருவோம்" என்றார். நான் ஷிப்ட்டில் இருந்த நேரம். அப்பா கொடுத்துவிட்டார். சாயங்காலம் வந்து விசாரித்தால், அவர் சொல்வது மேனேஜ்மென்ட் கோட்டா. அதில் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகை கிடையாது, அந்தச் சலுகை கவுன்சலிங்கில் வருபவர்களுக்குத்தான். ஸ்காலர்ஷிப் என்று அவர் சொன்னது கல்லூரி முதல் வருடம் மட்டும் தள்ளுபடி செய்யும் ஒரு தொகை. அந்த ஐந்தாயிரம் திரும்ப வரவே இல்லை. "விடு கண்ணு, சாமிக்குப் போட்டதா நெனச்சுக்க" என்றார் அப்பா. சாமிக்குப் போட்டிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். ரிசல்ட்டுக்கு அடுத்த வாரத்தில் இப்படிப்பட்டவர்கள் தறிக்குடோன், கம்பெனி வாசல், லைன் வீடு என்று சுற்றுவார்கள், வசதியான தெருவுக்குப் போக மாட்டார்கள். படித்தவர் இல்லாத வீடு எது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆகஸ்டில் தம்பிக்குக் கவுன்சலிங்கில் இடம் கிடைத்தது. விருப்பப் பட்டியல் போடும்போது பிள்ளைகள் கல்லூரிப் பெயரையும் பிரிவையும் மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் பஸ் கட்டணத்தையும் பாருங்கள். அரசு டவுன் பஸ் போகும் ரோட்டில் இருக்கும் கல்லூரிக்கும் காட்டுக்குள் இருக்கும் கல்லூரிக்கும் நான்கு வருடத்தில் ஒரு லட்ச ரூபாய் வித்தியாசம் வரலாம். எங்களுக்குக் கிடைத்தது காட்டுக்குள். ஒதுக்கீட்டுக் கடிதத்தைப் பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. கவுன்சலிங் இடத்துக்குக் கல்விக் கட்டணம் 50,000, அதில் சலுகை 25,000 போனால் மீதி 25,000. சேர ஒரு வாரம் அவகாசம். கல்லூரியில் போய் நின்றால் இன்னொரு தாள் நீட்டினார்கள். இதர கட்டணம் 32,000, கல்லூரி பஸ் 24,000, சீருடை, லேப் கோட், புத்தகம் என்று 8,000. மொத்தம் 89,000. எங்கள் நல்ல வாரச் சம்பளத்தில் கிட்டத்தட்ட பதினான்கு வாரம், அதுவும் யாரும் சாப்பிடாமல் இருந்தால். 'இதர' என்றால் என்னென்ன என்று கேட்டேன். பயிற்சி, இணையம், சங்கம் என்று ஏதோ சொன்னார்கள். தனித்தனியாக எழுதித் தரக் கேட்டதற்கு, அட்மிஷன் முடிந்ததும் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். தனியார் தொழிற்கல்லூரிக் கட்டணத்துக்கு அரசின் கட்டண நிர்ணயக் குழு ஒன்று இருக்கிறது, கூடுதலாக வாங்கினால் அங்கே புகார் செய்யலாம் என்பது எனக்குத் தெரிந்தது பின்னால்தான். தெரிந்திருந்தாலும் அந்த வாரத்தில் புகார் எழுதும் தைரியம் வந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் ஒன்று கட்டாயம் செய்யுங்கள். கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் தலைப்பு போட்ட ரசீது வாங்குங்கள், நான்கு வருடத்துக்குமான கட்டண விவரத்தைக் கல்லூரித் தாளில் முத்திரையோடு கேளுங்கள். வங்கியில் முதலில் கேட்பது அதைத்தான்.

பேப்பரில் ஒரு செய்தி படித்தேன். 2025-ல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பில், அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு வருடச் செலவு சராசரியாக 2,863 ரூபாய், மற்ற பள்ளிகளில் 25,002 ரூபாய் என்று வந்திருந்தது. இதைக் கல்லூரி வாசலில் வைத்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். வருடா வருடம் ஜூன் மாதம் இருபத்தைந்தாயிரம் கட்டிப் பழகிய வீட்டில் சீட்டு, எல்.ஐ.சி., தெரிந்த பேங்க் மேனேஜர், கைமாற்று தரும் நண்பர் என்று ஒரு ஏற்பாடு தானாகவே உருவாகியிருக்கும். எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருடம் படிப்புக்குப் பணமே புரட்ட வேண்டியிருக்கவில்லை. திடீரென்று ஒரு வாரத்தில் 89,000 என்றால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதே தெரியவில்லை.

முதலில் என் பி.எஃப். நினைவுக்கு வந்தது. ஏழு வருடமாகப் பிடித்திருக்கிறார்கள். கம்பெனி ஆபீஸில் கேட்டால், அப்போதிருந்த விதிப்படி கல்யாணத்துக்கு என்றால் தம்பி தங்கை கல்யாணத்துக்கும் எடுக்கலாம், படிப்புக்கு என்றால் சொந்த மகன் மகள் படிப்புக்குத்தான் எடுக்கலாம். தம்பிக்குக் கல்யாணம் செய்து வைக்கிறேன் என்றால் கொடுப்பார்கள், படிக்க வைக்கிறேன் என்றால் கொடுக்க மாட்டார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்மாவின் சங்கிலியையும் தோட்டையும் கூட்டுறவு வங்கியில் வைத்து 40,000 வாங்கினோம். தெருமுனை அடகுக் கடைக்குப் போகாமல் அங்கே போனதில் வட்டி நிறைய மிச்சம். என் 30,000 ரூபாய் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தேன், 6,000 போய் 24,000 கையில் வந்தது. மீதி 25,000-ஐ மூன்று வட்டிக்கு வாங்கினோம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், அதாவது மாதம் 750. பத்து மாதம் கட்டினோம். கடைசி நாளுக்கு முந்தின நாள் பணத்தைக் கட்டி ரசீது வாங்கியபோது எனக்குச் சந்தோஷமே வரவில்லை, காய்ச்சல்தான் வந்தது.

கல்விக் கடன் என்று ஒன்று இருக்கும்போது ஏன் இதெல்லாம் என்று கேட்கலாம். கடன் கிடைத்தது, பிப்ரவரியில். கட்டணம் கட்ட வேண்டியது ஆகஸ்டில். முதல் முறை வங்கிக்குப் போனபோது, "இந்தக் காலேஜுக்குக் குடுக்கறது இல்லம்மா" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாயால் சொல்லும் 'இல்லை'க்கு எந்தத் தடயமும் இருக்காது, மேலே போய்க் கேட்கவும் முடியாது. அதனால் நேரே கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். நான் போட்டபோது ஒரே விண்ணப்பத்தில் மூன்று வங்கி வரை தேர்வு செய்ய முடிந்தது. ஒரு எண் கிடைக்கும், மறுத்தால் காரணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். நான் அப்படிப் போட்ட பிறகுதான் அதே கிளையில் உட்காரச் சொல்லி நாற்காலி காட்டினார்கள். 2024 நவம்பரில் பிரதமர் வித்யாலட்சுமி என்று ஒரு கடன் திட்டமும் வந்திருக்கிறது, ஆனால் அது தரவரிசையில் மேலே இருக்கும் குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். எங்கள் ஊர்க் கல்லூரிகளில் பலவும் அதில் இல்லை, பட்டியலைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீனோ மூன்றாம் ஆள் ஜாமீனோ கேட்கக் கூடாது, நாம் கைக்காசு போட வேண்டும் என்றும் சொல்லக் கூடாது. பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். இந்த வரியை நான் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்திருந்தேன், இரண்டு இடத்தில் உதவியது. எங்களைத் தாமதப்படுத்தியது வேறு. அப்பாவுக்குப் பான் கார்டு இல்லை, அது வரக் காத்திருந்தோம். பிறகு அம்மாவின் சிபில், அதாவது வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் அறிக்கை. கொரோனா சமயத்தில் குழு லோனில் சில வாரக் கட்டு நின்று, பின்னால் முழுக்கக் கட்டி முடித்துவிட்டோம். ஆனால் பாக்கி இருப்பதாகவே பதிவில் கிடந்தது. அந்த ஃபைனான்ஸ் ஆபீஸில் கடன் முடிந்த சான்று வாங்கி, திருத்தச் சொல்லி எழுதி, அது மாறி வருவதற்குள் தீபாவளி போய்விட்டது. வருடத்துக்கு ஒருமுறை இந்த அறிக்கையை இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். பிள்ளை ப்ளஸ் டூ சேரும்போதே அப்பா அம்மா இருவருடையதையும் எடுத்துப் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே கட்டிய முதல் வருடக் கட்டணத்தை எங்கள் கிளையில் திருப்பித் தரவில்லை, சில வங்கிகள் ரசீது இருந்தால் தருவார்களாம், விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். குடும்ப வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டம் உண்டு, கல்லூரி நாக் என்கிற தர அங்கீகாரம் பெற்றதாகவோ, படிக்கும் பிரிவு என்.பி.ஏ. என்கிற தர அங்கீகாரம் பெற்றதாகவோ இருக்க வேண்டும். இதை வங்கியில் தானாகச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் வருமானச் சான்றிதழைக் கொடுத்து, என் பெயரைச் சேர்த்தீர்களா என்று கேட்க வேண்டும்.

ஐந்தாயிரம் அட்வான்ஸ், சீட்டில் ஆறாயிரம், வட்டியில் ஏழாயிரத்து ஐந்நூறு, அதற்கு மேல் என் லீவுக் கூலியும் பஸ் செலவும். எல்லாம் சேர்த்தால் முப்பதாயிரத்தைத் தாண்டும். முதல் பட்டதாரி சலுகையில் ஒரு வருடத்துக்கு எங்களுக்குக் கிடைத்ததை விட இது அதிகம். ரிசல்ட்டுக்கு முன்பே எல்லாத் தாளும் கையில் இருந்திருந்தால் இதில் பெரும்பகுதி போயிருக்காது.

ஒரு நல்ல விஷயமும் நடந்தது. தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோயம்புத்தூரில் தொடங்கியது, மாதம் 1,000 ரூபாய். இதில் அரசுப் பள்ளியோடு, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் 6 முதல் 12 வரை படித்த பையன்களும் சேர்த்தி. 7.5-ல் தள்ளிய அதே பள்ளி இதில் கைகொடுத்தது. பள்ளிக் கல்வித் துறை பிள்ளைக்குக் கொடுத்திருக்கும் எமிஸ் எண்ணைக் கல்லூரியில் கொடுத்தால் அவர்களே பதிவு செய்கிறார்கள். பணம் ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும், நாம் எழுதிக் கொடுத்த கணக்குக்குத்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். தம்பியின் வகுப்பில் ஒரு பையன் ஆதிதிராவிடர் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் படிக்கிறான். அதில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு மாணவன் கணக்குக்கே நேரே வருகிறது, அவன் அதைக் கல்லூரிக்குக் கட்ட வேண்டும். பணம் வரவில்லை என்று கல்லூரியில் தினமும் எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். பார்த்தால், எப்போதோ சிம் கார்டு வாங்கும்போது கைரேகை வைத்ததில் திறந்த, போன் கம்பெனியின் ஒரு வங்கிக் கணக்கில் பணம் வந்து தூங்கிக்கொண்டிருந்தது. எந்த வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறது என்று ஆதார் தளத்திலேயே பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை.

தம்பி முதல் செமஸ்டரில் இரண்டு பேப்பர் அரியர் வைத்தான். பாடம் முழுக்க ஆங்கிலம், பக்கத்து பெஞ்சுப் பையன்கள் ப்ளஸ் ஒன்னிலேயே கோடிங் கிளாஸ் போனவர்கள், இவனிடம் லேப்டாப்பும் இல்லை. நான் திட்டவில்லை. இப்போது இரண்டையும் எழுதித் தேறிவிட்டான். வங்கியில் அடுத்த தவணைக்கு மார்க் ஷீட்டும் கட்டணச் சீட்டும் கேட்பார்கள், செமஸ்டர் தொடங்க ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுகிறோம்.

போன மாதம் எதிர் வீட்டு அக்கா வந்து, மகளை ஆறாவது எங்கே சேர்க்கலாம் என்று கேட்டார். எய்டட் பெண்கள் பள்ளியா, மாநகராட்சிப் பள்ளியா என்று யோசனை. நான் 7.5 கதை முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "பொம்பளப் புள்ளைங் கண்ணு. மாநகராட்சி ஸ்கூலுக்குப் போக மெயின் ரோட்டைத் தாண்டணும், எங்க ரெண்டு பேருக்கும் ஷிப்ட்டு. எய்டட்லயே போடறேன்" என்றார். அவர் கணக்கு அவருக்கு. அப்படியானால் தமிழ் வழியிலேயே போடுங்கள் என்றேன். புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயை 2024 டிசம்பரிலிருந்து எய்டட் பள்ளிப் பெண்களுக்கும் கொடுக்கிறார்கள், ஆனால் தமிழ் வழி என்றால்தான். இங்கிலீஷ் மீடியத்தில் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது. சேர்க்கைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறார்.